இந்தியா, இலங்கை: யார் கையில் எவ்வளவு டாலர்? 'நிகர வெளிநாட்டுச் சொத்து' கணக்கு சொல்வது என்ன?

நெல்லை மேலப்பாளையத்துக்கு வளைகுடாவிலிருந்து வரும் பணத்துக்கும், 2022ல் கொழும்பில் பெட்ரோலுக்கு நின்ற நீண்ட வரிசைக்கும் என்ன சம்பந்தம்? இரண்டும் ஒரே கணக்கில் வருகின்றன. அதுதான் நிகர வெளிநாட்டுச் சொத்து.

அப்படின்னா என்ன?

ஒரு நாட்டின் மத்திய வங்கியும் மற்ற வங்கிகளும் வைத்திருக்கும் டாலர், தங்கம் போன்ற வெளிநாட்டுச் சொத்துகளைக் கூட்டி, அவை வெளிநாட்டுக்குத் தர வேண்டிய கடனைக் கழித்தால் கிடைப்பதுதான் இது. சிம்பிளா சொன்னால், பர்ஸில் இருக்கும் பணம் அல்ல. கைமாத்தைக் கழித்த பிறகு மிஞ்சுவது.

துபாயிலிருந்து வரும் திர்ஹாம் இங்கே ரூபாயாக மாறும்போது, அந்த அந்நியச் செலாவணி வங்கிக்குப் போகிறது. அதை ரிசர்வ் வங்கி வாங்கினால் நாட்டின் கையிருப்பு கூடும்.

1991: இந்தியாவின் முறை

1991ல் இந்தியாவிடம் இருந்த டாலர் இரண்டு, மூன்று வார இறக்குமதிக்கே போதும் என்ற நிலை. சுமார் 47 டன் தங்கத்தை இங்கிலாந்து, ஜப்பான் மத்திய வங்கிகளிடம் அடகு வைத்துத்தான் சமாளித்தார்கள். 2024 செப்டம்பர் இறுதியில் கையிருப்பு 70,000 கோடி டாலரைத் தாண்டியது. அது சுமார் ஒரு வருட இறக்குமதிக்குப் போதும்.

2022: இலங்கையின் முறை

இலங்கையிடம் 2019 இறுதியில் சுமார் 760 கோடி டாலர் இருந்தது. கொரோனாவில் சுற்றுலா படுத்தது, வரிக் குறைப்பால் அரசின் வருமானம் சரிந்தது. 2021 இறுதியில் கையிருப்பு சுமார் 310 கோடி டாலர் என்று காட்டப்பட்டது. ஆனால் அதில் கிட்டத்தட்ட பாதி, சீன மத்திய வங்கியுடன் செய்த பணப் பரிமாற்ற ஒப்பந்தத்தில் வந்தது. மத்திய வங்கியின் நிகரக் கணக்கு 2021லேயே மைனஸுக்குப் போய்விட்டது. 2022 ஏப்ரல் 12ல் வெளிநாட்டுக் கடனைத் திருப்பித் தருவதை இலங்கை நிறுத்தியது.

அந்த ஆண்டு இந்தியா சுமார் 400 கோடி டாலர் உதவி செய்தது. தமிழக அரசின் அரிசி, பால் பவுடர், மருந்து சென்னையிலிருந்தும், பிறகு தாமிரபரணி கடலில் கலக்கும் தூத்துக்குடி மாவட்டத்தின் துறைமுகத்திலிருந்தும் கொழும்பு போனது. 2023 மார்ச்சில் ஐ.எம்.எஃப். சுமார் 300 கோடி டாலர் கடனுக்கு ஒப்புதல் தந்தது.

ஒப்பிடும்போது கவனிக்க வேண்டியவை

* இந்தக் கணக்கு பெரும்பாலும் அந்தந்த நாட்டு ரூபாயில்தான் வெளியாகும். இந்திய ரூபாயும் இலங்கை ரூபாயும் ஒன்றல்ல. முதலில் டாலருக்கு மாற்ற வேண்டும்.

* 100 கோடி டாலர் நிகரச் சொத்து, டாலர் 200 ரூபாயாக இருந்தால் 20,000 கோடி ரூபாய். டாலர் 360 ஆனால் 36,000 கோடி. ஒரு டாலர்கூட புதிதாக வராமலே தொகை ஏறிவிடும்! மைனஸாக இருந்தால் பள்ளமும் அதேபோல ஆழமாகும்.

* இந்தியா பெரிய நாடு. எனவே எத்தனை மாத இறக்குமதிக்குத் தாங்கும் என்று பார்ப்பதே நியாயமான ஒப்பீடு.

* இது முழு நாட்டின் கடன் கணக்கு அல்ல. 2024 செப்டம்பரில் இந்தியாவின் மொத்த வெளிநாட்டுக் கடனும் 70,000 கோடி டாலருக்கு மேல்தான்.

அடுத்த முறை 'கையிருப்பு உயர்வு' என்று செய்தி வந்தால், அதில் கடனாக வந்தது எவ்வளவு என்பதையும் சேர்த்துப் பாருங்கள். இலங்கையில் ஆபத்து முதலில் தெரிந்தது அங்கேதான்.