இசட்எஃப்எஸ் மாட்யூல் (லினக்ஸ்)

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 2005இல் மூலநிரலோடு வெளியிட்ட கோப்பு முறைமை. இதன் சிடிடிஎல் உரிமம் லினக்ஸின் ஜிபிஎல்லோடு பொருந்தாது என்பதே பரவலான கருத்து. அதனால் இதன் லினக்ஸ் மாட்யூல் கெர்னலுக்கு வெளியிலேயே வளர்கிறது. கெர்னல் மாறும்போதெல்லாம் மாட்யூலை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும். டெபியனில் இதை டிகேஎம்எஸ் என்ற கருவி கவனிக்கிறது. புதிய கெர்னலின் ஹெடர் கோப்புகள் இல்லையென்றால் மாட்யூல் உருவாகாது. ரீபூட் செய்ததும், வட்டுகள் நலமாயிருந்தும், தரவு கண்ணில் படாது. பார்ப்பவருக்கு வயிறு கலங்கிவிடும். 2019இல் வந்த 5.0 கெர்னல் மிதவைப்புள்ளிக் கணக்குக்கான ஒரு ஃபங்ஷனை ஜிபிஎல் அல்லாத மாட்யூல்களுக்குக் கிடைக்காமல் செய்ததால் செக்சம் கணக்கு வேகமிழந்தது. பின்னர் மாற்றுவழி எழுதப்பட்டது. மூலநிரலின் ‘மெட்டா’ கோப்பில், ஆதரவுள்ள உச்சக் கெர்னல் பதிப்பு ஒரே வரியில் இருக்கிறது. கெர்னலை மேம்படுத்தும் முன் அதைப் பார்த்தே ஆகவேண்டும். பழைய கெர்னலையும் அழிக்கக்கூடாது.