கூலி கேட்ட கால்கள்

மன்னன் முடிசூடிய ஆண்டு எது, போர் மூண்ட ஆண்டு எது என்று மாணவரைக் கேட்டால் மளமளவென ஒப்பிப்பார்கள். அப்படி ஒப்பிக்கக் கற்றுக் கொடுக்கும் ஆசிரியர்களில் நானும் ஒருவன். ஆனால், உழைப்பாளிக்குச் சனிக்கிழமைப் பிற்பகல் ஓய்வு கிடைத்த ஆண்டு எது என்று கேட்டுப் பாருங்கள், வகுப்பே விழிக்கும். பாடநூலில் அதற்கு இடமில்லை. நாடு தழுவிய கால்பந்து லீக் என்று உலகில் முதன்முதல் தோன்றிய இங்கிலாந்து லீக், அந்த ஓய்வு நேரம் ஈன்ற பிள்ளை.

1850ஆம் ஆண்டு ஆலைச் சட்டம், நெசவாலைகளில் பெண்களும் சிறுவர்களும் சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணிக்குமேல் வேலை செய்தல் கூடாது என்றது. அவர்கள் வெளியேறியபின் ஆண்கள் மட்டும் ஆலையை ஓட்ட முடியுமா? எந்திரம் நின்றது. லங்காஷயர் பருத்தியாலைத் தொழிலாளி, வாரத்தில் அரை நாளைத் தனக்கென்று பெற்றான். (அந்த ஆலைகளின் துணி நம் சந்தையில் குவிந்து நம் நெசவாளியின் தறியை நிறுத்திய கதை தனி, அதை மறந்துவிட்டு இதை எழுதவில்லை.) பெற்ற அரை நாளில் அவன் பந்தை உதைத்தான், உதைப்பதைக் காணத் திரண்டான்.

ஆனால் ஆட்டத்தின் அதிகாரம் யார் கையில் இருந்தது? 1863இல் இலண்டனில் கூடிக் கால்பந்துச் சங்கத்தை அமைத்தவர்கள் கனவான்கள். ஈட்டன், ஹாரோ போன்ற சீமான் வீட்டுப் பள்ளிகளில் பயின்ற கூட்டத்தார் அதில் கோலோச்சினர். அவர்களிடம் ஒரு வேதம் இருந்தது: ஆட்டத்தை ஆட்டத்துக்காகவே ஆடவேண்டும், காசு வாங்கி ஆடுவது இழிவு. கேட்பதற்கு எவ்வளவு தூய்மை! பாட்டன் சேர்த்த நிலமும் பாங்கியில் பணமும் உள்ளவன், காசு வேண்டா என்று சொல்வதில் என்ன துறவு இருக்கிறது? தறி முன் நின்று வாரக்கூலி பெறுபவன், ஆட்டத்துக்காக ஒரு நாள் வேலையை விட்டால் அன்றைய அடுப்பு எரியாது. அவனையும் இவனையும் ஒரே தராசில் நிறுத்தி, "இருவருக்கும் ஒரே விதி" என்றார்கள்.

படகுப் போட்டிக்காரர்கள் இன்னும் வெளிப்படையாகவே பேசினார்கள். புகழ்பெற்ற ஹென்லி போட்டியின் 1879ஆம் ஆண்டு விதி, கைத்தொழிலாளி, எந்திரத் தொழிலாளி, கூலியாள் எவரும் அமெச்சூர் ஆகார் என்றது. 1930களின் பிற்பகுதிவரை அந்த விதி உயிரோடிருந்தது. பிறப்பைச் சொல்லித் தள்ளவில்லை, பிழைப்பைச் சொல்லித் தள்ளினார்கள். தள்ளப்பட்டவன் என்னவோ அதே ஏழைதான். இந்த வாசனை நமக்குப் புதிதன்று. கால்பந்துச் சங்கம் அப்படி ஒரு விதியை எழுதி வைக்கவில்லை. கூலியைத் தடுத்தால் போதாதா? கூலிக்காரன் தானே நின்றுவிடுவான் அல்லவா?

நிற்கவில்லை அவன். 1883 மார்ச்சு 31 அன்று இலண்டன் ஓவல் மைதானத்தில் கோப்பைக்கான இறுதி ஆட்டம். ஒரு பக்கம் பழைய ஈட்டன் மாணவர் அணி. அதில், பின்னாளில் பிரபுப் பட்டமேற்றுச் சங்கத்தின் தலைவராகவும் அமர்ந்த ஆர்தர் கின்னெயர்ட். மறுபக்கம் பிளாக்பர்ன் ஒலிம்பிக் அணி. நெசவாளர், நூற்பாலைத் தொழிலாளி, குழாய் வேலைக்காரர், இரும்பு வார்ப்பாலைத் தொழிலாளி. ஆட்டத்துக்குமுன் அவர்கள் பிளாக்பூல் கடற்கரையில் தங்கிப் பயிற்சி பெற்றனர். ஊர்த் தொழிலதிபர் ஒருவர் செலவை ஏற்றார். அதைக்கூடத் தாங்கமுடியாமல் ஈட்டன் பள்ளியின் இதழ் கண்டித்து எழுதிற்று. என்ன குற்றம் கண்டார்கள்? வெல்வதற்காக உழைத்த குற்றம்! ஒலிம்பிக் இரண்டுக்கு ஒன்று என வென்று கோப்பையை வடக்கே கொண்டுபோயிற்று. அதன்பின் பழைய மாணவர் அணி எதுவும் அந்த இறுதி ஆட்டத்தை எட்டவேயில்லை.

அடுத்த ஆண்டே மோதல் வெடித்தது. பிரஸ்டன் நார்த் எண்ட் கழகம் ஆட்டக்காரருக்குக் காசு கொடுக்கிறது என்று இலண்டன் அணி ஒன்று புகார் செய்தது. கழகத்தை நடத்திய வில்லியம் சடல் என்ற ஆலை நிர்வாகி, "ஆம், கொடுக்கிறேன், எல்லாரும்தான் கொடுக்கிறார்கள்" என்ற பொருள்பட வெளிப்படையாக ஒப்புக்கொண்டார். கழகம் போட்டியிலிருந்து நீக்கப்பட்டது. வடநாட்டுக் கழகங்கள் கொதித்தன. தனிச் சங்கம் அமைப்போம் என்றன. கனவான்கள் கணக்குப் பார்த்தார்கள். 1885 சூலையில் கூலி வாங்கி ஆடுவது சட்டபூர்வமாயிற்று. அப்போதும் வாயில் முழுதும் திறக்கவில்லை. கூலி ஆட்டக்காரன் கோப்பைப் போட்டியில் ஆட, மைதானத்துக்கு ஆறு மைல் சுற்றளவில் பிறந்திருக்க வேண்டும், அல்லது இரண்டாண்டு குடியிருக்க வேண்டும். சங்கத்தின் குழு எதிலும் அவன் அமரக்கூடாது! ஆடலாம், ஆளக்கூடாது. (சடல் புனிதரல்லர். ஆலைப் பணத்தைக் கையாடியதற்காக 1895இல் மூன்றாண்டுச் சிறை பெற்றார்.)

கூலி என்று வந்தபின் வாரந்தோறும் கூலி தர வருவாய் வேண்டுமே? ஆட்டங்களோ நினைத்தபோது குறிக்கப்பட்டன, நினைத்தபோது கைவிடப்பட்டன. கூடி நின்ற மக்கள் ஏமாந்து திரும்பினர். இதற்கு வழி கண்டவர் பர்மிங்காமில் துணிக்கடை வைத்திருந்த ஸ்காட்லாந்துக்காரர், ஆஸ்டன் வில்லா கழகத்து வில்லியம் மக்ரிகர். 1888 மார்ச்சு 2ஆம் நாள் மற்றக் கழகங்களுக்கு ஒரு கடிதம் விடுத்தார்: ஒவ்வொரு கழகமும் மற்ற ஒவ்வொன்றோடும், தன் ஊரில் ஒருமுறை, அவர் ஊரில் ஒருமுறை ஆடுவோம், குறித்த நாளில் தவறாது ஆடுவோம். ஏப்ரல் 17 அன்று மான்செஸ்டரில் லீக் உருவாயிற்று. பன்னிரண்டு கழகங்கள், ஆறு லங்காஷயரிலிருந்து, ஆறு நடுநாட்டுத் தொழில் நகரங்களிலிருந்து. இலண்டனிலிருந்து எத்தனை? ஒன்றுகூட இல்லை. தலைநகர்க் கழகம் ஒன்று லீக்கின் முதன்மைப் பட்டத்தை வெல்ல 1931வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வென்ற ஆர்சனலும் வுல்விச் படைக்கலத் தொழிற்சாலைத் தொழிலாளர் தொடங்கிய கழகமே.

1888 செப்டம்பர் 8 அன்று ஆட்டங்கள் தொடங்கின. முதல் பட்டம் பிரஸ்டனுக்கு. 22 ஆட்டங்களில் 18 வெற்றி, 4 சமன், தோல்வி இல்லை. அதே பருவத்தில் கோப்பையையும் ஒரு கோல்கூட வாங்காமல் வென்றது. நான்காண்டு முன் கூலிக் குற்றத்துக்காக விரட்டப்பட்ட அதே கழகம்!

அந்தப் பிரஸ்டனுக்காக 1886–87 பருவத்தில் கோல் காத்தவர் ஆர்தர் வார்ட்டன். மேற்கு ஆப்பிரிக்காவின் அக்ரா நகரில் 1865இல் பிறந்த கறுப்பர். சமய ஊழியத்துக்குப் படிக்க வந்தவர், ஓட்டத்திலும் பந்திலும் ஊழியம் கண்டார்! 1886இல் நூறு கெஜத்தைப் பத்து வினாடியில் ஓடி இங்கிலாந்தின் வாகையரானார். பின்னர் கூலி ஆட்டக்காரராகி, லீக்கின் முதல் பிரிவிலும் ஷெப்பீல்டு யுனைடெட்டுக்காக ஆடினார். புகழ் ஓய்ந்தபின் நிலக்கரிச் சுரங்கத்தில் உழைத்தார். 1930இல் மறைந்தார். அவர் புதைகுழிக்குப் பெயர் பொறித்த கல் 1997இல்தான் வந்தது.

இனித்தான் கதையின் கசப்பு. கூலி கொடுக்கும் உரிமைக்காகப் போராடிய கழக முதலாளிகள், அதை வென்றபின் என்ன செய்தார்கள்? கூலி கேட்கும் உரிமையைப் பூட்டினார்கள். லீக்கில் ஆட ஒருவன் தன் பெயரைக் கழகத்தில் பதிய வேண்டும். ஒப்பந்தம் முடிந்தாலும் பதிவு கழகத்தின் சொத்து. விடுவிக்காவிட்டால் அவன் வேறெங்கும் ஆட முடியாது. 1901 முதல் வாரத்துக்கு நான்கு பவுனுக்குமேல் எவருக்கும் தரக்கூடாது என்ற உச்சவரம்பும் வந்தது. 1905இல் ஆல்ஃப் காமன் என்ற ஆட்டக்காரரை மிடில்ஸ்பரோ கழகம் ஆயிரம் பவுன் கொடுத்து வாங்கிற்று. பணம் யாருக்கு? விற்ற கழகத்துக்கு. அந்த ஆயிரத்தை அவர் உச்சக் கூலியாகச் சம்பாதிக்க 250 வாரம் உழைக்க வேண்டும். மாட்டுச் சந்தையில் மாட்டுக்குப் பங்கு உண்டா?

1907இல் ஆட்டக்காரர் சங்கம் எழுந்தது. 1909இல், சங்கத்தை விட்டு விலகுக, இல்லையேல் ஆட்டமில்லை என்று கால்பந்துச் சங்கம் மிரட்டியது. பலர் பணிந்தனர். மான்செஸ்டர் யுனைடெட் ஆட்டக்காரர்கள் பணியவில்லை. ஊதியம் நின்றது. தமக்குத் தாமே "ஒதுக்கப்பட்டோர் கழகம்" என்று பலகை எழுதிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டு பயிற்சியைத் தொடர்ந்தனர். சங்கம் பிழைத்தது, ஆனால் மற்றத் தொழிற்சங்கங்களோடு இணையும் உரிமையைக் கொடுத்துத்தான் பிழைத்தது. உச்சவரம்பு அசையவில்லை.

பெண்களுக்கு நேர்ந்தது இதனினும் கொடிது. முதல் உலகப் போரின்போது பிரஸ்டனில் இருந்த டிக் கெர் தொழிற்சாலைப் பெண்கள் அணி அமைத்தனர். 1920 டிசம்பர் 26 அன்று லிவர்பூல் குடிசன் பார்க்கில் அவர்கள் ஆட்டத்தை 53,000 பேர் கண்டனர். திரட்டிய பணம் போரில் ஊனமுற்றோர்க்கும் ஏழையர்க்கும் போயிற்று. மறு ஆண்டு டிசம்பர் 5 அன்று, கால்பந்து பெண்களுக்கு ஒவ்வாதது என்று கண்டுபிடித்துத் தன் கழக மைதானங்களை அவர்களுக்கு மூடியது சங்கம். ஐம்பதாண்டு அந்தக் கதவு திறக்கவில்லை.

பிரஸ்டன் ஈன்ற மற்றொரு மாணிக்கம் டாம் ஃபின்னி. ஆட்டக்காலத்திலும் குழாய் வேலையை விடவில்லை. விட்டால் பிற்காலத்துக்கு யார் பொறுப்பு? 1952இல் இத்தாலியின் பலெர்மோ கழகம் பத்தாயிரம் பவுனோடு அவரை அழைத்தது. கழகம் விட மறுத்தது. அவ்வளவுதான், பேச்சு முடிந்தது. 1961 சனவரியில், ஜிம்மி ஹில் தலைமையில் ஆட்டக்காரர் வேலைநிறுத்தத்துக்கு நாள் குறித்தபின்னரே, இருபது பவுனாக இருந்த உச்சவரம்பு ஒழிந்தது. பதிவு விலங்கை நியூகாசிலின் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம் நீதிமன்றத்துக்கு இழுத்தார். 1963இல் வந்த தீர்ப்பு, தொழில் செய்யும் உரிமைக்கு அது நியாயமற்ற தடை என்றது. தீர்ப்பளித்த நீதிபதி வில்பர்ஃபோர்ஸ், அடிமை வாணிபத்தை ஒழிக்கப் போராடிய வில்லியம் வில்பர்ஃபோர்ஸின் வழித்தோன்றல். 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம், பெல்ஜிய ஆட்டக்காரர் போஸ்மன் வழக்கில் எஞ்சிய முடிச்சையும் அவிழ்த்தது.

கழக முதலாளிகளின் வாதத்தையும் மறைத்தல் நேர்மையன்று. வரம்பு இல்லையேல் பெரிய கழகம் சிறியதை விழுங்கும் என்றனர். அதில் உண்மை இருந்தது. சிறிய கழகத்தைக் காக்கும் செலவை ஆட்டக்காரன் சட்டைப்பையில் எடுத்ததுதான் அநீதி. பகிர்ந்து வாழ விரும்பியிருந்தால் நுழைவுக் கட்டணத்தைப் பகிரலாமே? பகிர்ந்தும் வந்தனர், 1983இல் அதையும் நிறுத்தி, ஆடும் ஊருக்கே முழு வசூல் என்றனர். 1989 ஏப்ரல் 15 அன்று ஷெப்பீல்டு ஹில்ஸ்பரோ மைதான நெரிசலில் 97 பேர் மாண்டனர். பழி முதலில் பார்வையாளர் மேல் விழுந்தது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று 2016 விசாரணை தீர்த்தது. உயர்ந்த கழகங்களில் எல்லாரும் அமர்ந்தே பார்க்கவேண்டும் என்ற சீர்திருத்தம் வந்தது. நின்று பார்த்த மலிவு இடம் போயிற்று; கட்டணம் ஏறிற்று. 1992இல் முதல் பிரிவின் 22 கழகங்கள் லீக்கை விட்டு விலகிப் பிரிமியர் லீக் அமைத்தன. ஐந்தாண்டுத் தொலைக்காட்சி உரிமை 304 மில்லியன் பவுனுக்கு விலைபோயிற்று.

பெரும்பணம் மேலே தங்கியது. 1894 முதல் லீக்கில் இருந்த லங்காஷயர் ஆலை நகரக் கழகம் பரி, இருமுறை கோப்பை வென்றது, கடனைத் தீர்க்க வழி காட்டாததால் 2019 ஆகஸ்டில் நீக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் ஐரோப்பாவின் பன்னிரண்டு பெருங்கழகங்கள், அவற்றுள் ஆறு இங்கிலாந்தினுடையவை, தமக்கென்று தனி லீக் அறிவித்தன. ரசிகர்கள் தெருவில் இறங்கினர். இரண்டே நாளில் ஆறும் பின்வாங்கின. 2025 சூலையில் கால்பந்து ஆளுகைச் சட்டம் நிறைவேறி, கழகங்களுக்கு உரிமம் வழங்கும் தனி ஆணையம் சட்டத்தால் அமைந்தது. பரி ஊராரோ அதற்குக் காத்திருக்கவில்லை. பிளவுபட்டிருந்த ஆதரவாளர் அமைப்புகள் இரண்டும் ஒன்றாகி, 2023 முதல் தங்கள் பழைய கிக் லேன் மைதானத்தில், லீக்குக்கு வெகு கீழான படியில், பந்தை உதைத்து வருகின்றன.