கரை கடந்த புயலின் எச்சம்: ஆர்.கே.பேட்டை வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வங்கக் கடலில் உருவாகும் புயல் கரையைக் கடந்ததோடு முடிந்துவிடுவதில்லை. காற்றின் வேகம் சில மணி நேரத்தில் தணிகிறது. ஆனால் அதன் சுழற்சியும் அது சுமந்துவந்த ஈரமும் நிலத்தின் மேல் நாட்கணக்கில் நகர்கின்றன. சில வேளைகளில் தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து, அரபிக் கடலில் மீண்டும் வலுப்பெறுகின்றன. திருவள்ளூர் மாவட்டத்தில் திருத்தணிக்கு மேற்கே, ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள ஆர்.கே.பேட்டை, புயலை அதன் முழு வேகத்தில் சந்திக்கும் ஊரன்று. பெரும்பாலும் அதன் எச்சத்தைச் சந்திக்கும் ஊர். இத்தகைய எச்சத்தைக் குறித்து எழும் கேள்விகள் இரண்டு. அது கடலில் மறுபடி புயலாகுமா என்பது ஒன்று. நிலத்தின் மேல் எவ்வளவு மழையைக் கொட்டும் என்பது மற்றொன்று. இவ்விரண்டுக்கும் தனித்தனி அளவுகோல்கள் தேவை. காற்றின் வேகத்தைக் கொண்டு இடப்படும் வகைப்பெயர் இரண்டில் எதற்குமே போதிய விடையாகாது என்பது இக்கட்டுரையின் வாதம்.

வலுவிழத்தலின் இயல்பு

இந்திய வானிலை ஆய்வுத் துறை காற்றின் வேகத்தை வைத்தே அமைப்புகளை வகைப்படுத்துகிறது. மணிக்கு 31 கி.மீ.க்கும் குறைவானது காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி. 31 முதல் 49 கி.மீ. வரை தாழ்வு மண்டலம், 50 முதல் 61 வரை ஆழ்ந்த தாழ்வு மண்டலம், 62 கி.மீ.யிலிருந்து புயல். கடலோர மக்களுக்கும் மீனவர்களுக்கும் இந்த வரிசை மிகவும் பயன்படுகிறது. வீடுகளையும் படகுகளையும் முதலில் தாக்குவது காற்றே.

கரையைக் கடந்த புயல் வலுவிழக்க இரண்டு காரணங்கள் உண்டு. வெதுவெதுப்பான கடல் நீரிலிருந்து கிடைத்துவந்த நீராவி நின்றுபோகிறது. மரம், மேடு, கட்டடம் ஆகியவற்றின் உராய்வு தரையை ஒட்டிய காற்றை மட்டுப்படுத்துகிறது. தேய்வு முதல் சில மணி நேரத்தில் வேகமாகவும் பின்னர் மெதுவாகவும் நடப்பதை, கரை கடந்த புயல்களுக்காக வானிலை ஆய்வாளர்கள் கப்லான், டிமரியா ஆகியோர் 1995இல் வெளியிட்ட கணக்கீட்டு முறை காட்டுகிறது. ஆனால் உராய்வின் ஆட்சி தரையிலிருந்து ஏறத்தாழ 1 கி.மீ. உயரம் வரைதான். அதற்கு மேலே, குறிப்பாக 3 முதல் 6 கி.மீ. உயரத்தில், சுழல் மெதுவாகவே தளர்கிறது. தரையில் காற்று அடங்கியிருக்க, மேலே சுழற்சி உயிரோடிருக்கும் இந்த நிலையே எச்சம் எனப்படுவது.

மறுபடி வலுப்பெறுவதற்கான நிபந்தனைகள்

எச்சம் மீண்டும் புயலாவதற்கு நான்கு நிபந்தனைகள் ஒருங்கே அமைய வேண்டும்: நடுமட்டச் சுழல் சிதையாமல் மறுகரையை அடைய வேண்டும்; அங்குள்ள கடலின் மேற்பரப்பு வெப்பநிலை சுமார் 26.5 டிகிரி செல்சியஸுக்குக் குறையாதிருக்க வேண்டும்; கீழ்மட்டக் காற்றுக்கும் மேல்மட்டக் காற்றுக்கும் வேக, திசை வேறுபாடு குறைவாக இருக்க வேண்டும்; நடுமட்டக் காற்றில் ஈரம் நிறைந்திருக்க வேண்டும். நவம்பர், டிசம்பர் மாதங்களில் தென்கிழக்கு அரபிக் கடலின் வெப்பம் பொதுவாக இதற்குப் போதுமானது. ஆகவே எச்சத்தின் எதிர்காலத்தைத் தீர்மானிப்பவை பெரும்பாலும் மற்ற மூன்றுமே.

தீபகற்பத்தின் அகலமும் கணக்கில் கொள்ளத்தக்கது. நாகப்பட்டினம் அட்சரேகையில் கடலுக்கும் கடலுக்கும் இடையிலான நிலம் ஒடுங்கியது; சென்னை, ஆர்.கே.பேட்டை அட்சரேகையில் அது ஏறத்தாழ 600 கி.மீ. 1977 நவம்பர் 12 அதிகாலை நாகப்பட்டினத்துக்குத் தெற்கே கரை கடந்த புயல் உள்தமிழகத்தில் வலுவிழந்து, கேரளக் கரையைத் தாண்டிக் கடலில் இறங்கி, அங்கே மீண்டும் வலுப்பெற்றது. 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரை கடந்த கஜாவும் ஒரே நாளில் அரபிக் கடலை எட்டி ஆழ்ந்த தாழ்வு மண்டலமாக வலுவடைந்தது. வடக்கே கரை கடந்தவற்றின் போக்கு வேறு. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா, 2022 டிசம்பரில் மாமல்லபுரம் அருகே கரை கடந்த மாண்டஸ் ஆகியவற்றின் எச்சங்கள் அரபிக் கடலில் தாழ்வு மண்டல நிலைக்கு உயர்ந்தாலும் புயல் நிலையை எட்டவில்லை. 2024இல் புதுச்சேரி அருகே கரை கடந்த ஃபெஞ்சலின் எச்சமும் டிசம்பர் 3 அன்று அரபிக் கடலை அடைந்தது, அதுவும் புயலாகவில்லை.

எனினும் அகலம் மட்டுமே விதியாகாது என்பதற்குக் குலாப் சான்று. 2021 செப்டம்பர் 26 அன்று வடக்கு ஆந்திரத்தின் கலிங்கப்பட்டினம் அருகே கரை கடந்த அப்புயலின் எச்சம், தெலங்கானா, மகாராஷ்டிரம், குஜராத் வழியாக 1,000 கி.மீ.க்கும் மேல் நிலத்தில் நகர்ந்தது. பருவமழைக் காலமாதலால் நிலமும் காற்றும் ஈரம் மிகுந்திருந்தன, சுழல் சிதையவில்லை. அக்டோபர் 1 அன்று அது வடகிழக்கு அரபிக் கடலில் ஷாஹீன் என்ற புதுப் பெயருடன் புயலாகி, அக்டோபர் 3 அன்று ஓமான் கரையைத் தாக்கியது. ஆகவே எத்தனை கி.மீ. நிலம் என்பதோடு, எந்தப் பருவத்தில், எவ்வளவு ஈரத்தின் மேல் என்பதையும் சேர்த்தே மதிப்பிட வேண்டும்.

கண்காணிப்பின் கருவிகளும் எல்லைகளும்

கடலில் உள்ள புயலின் வலுவை மதிப்பிட உலகெங்கும் கையாளப்படுவது டிவோராக் முறை. செயற்கைக்கோள் படத்தில் தெரியும் மேக அமைப்பிலிருந்து காற்றின் வேகத்தைக் கணிக்கும் இம்முறை, நிலத்தின் மேலுள்ள எச்சத்துக்குப் பொருந்தாது. கடல்மேற்பரப்புக் காற்றை அளக்கும் கருவியுடன் 2022 நவம்பர் 26 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ஓஷன்சாட் வரிசைச் செயற்கைக்கோளும் எச்சம் கடலில் இறங்கிய பிறகே அதன் காற்றை அளக்க முடியும். நிலத்தைக் கடக்கும் இடைக்காலத்தில் கைகொடுப்பவை ராடாரும், வானிலை பலூன்களும், இன்சாட் வரிசைச் செயற்கைக்கோள்கள் காட்டும் மேகங்களுமே.

ராடாருக்கும் எல்லை உண்டு. அரை டிகிரி சாய்வில் செல்லும் கதிர், பூமியின் வளைவு காரணமாக 100 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ ஒன்றரை கி.மீ. உயரத்திலும், 300 கி.மீ. தொலைவில் ஏறத்தாழ 8 கி.மீ. உயரத்திலும் செல்கிறது. சென்னையிலிருந்து சுமார் 95 கி.மீ. தொலைவிலுள்ள ஆர்.கே.பேட்டைக்கு மேலே எச்சத்தின் நடுமட்டச் சுழலைச் சென்னை ராடார் நன்கு காண இயலும். அது கர்நாடகத்தின் உட்பகுதியை அடையும்போது அதே ராடாருக்குச் சுழலின் கீழ்ப்பாதி மறைந்துவிடுகிறது. கொச்சி, கோவா ராடார்கள் பார்வையை ஏற்கும் வரை, சென்னை, மங்களூர், மினிக்காய் போன்ற நிலையங்களிலிருந்து காலை 5.30, மாலை 5.30 மணிகளுக்குரிய பலூன் அளவீடுகளே சுழலும் ஈரமும் எஞ்சியிருப்பதற்கான நேரடிச் சான்றுகள். இரு அளவீடுகளுக்கு இடையே 12 மணி நேரம் கடந்துவிடுகிறது. கஜா போன்ற அமைப்பு நிலத்தைக் கடக்க ஒரு நாள்கூட எடுத்துக்கொள்ளவில்லை. எச்சம் நகரும் நாட்களில் பலூன் அளவீடுகளை ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறையாக்குவது இந்த இடைவெளியை அடைக்கும் எளிய வழி.

எதிர்வாதமும் மறுமொழியும்

பெரும்பாலான எச்சங்கள் கரைந்தே போகின்றன. ஒவ்வொன்றையும் பின்தொடர்ந்து அறிவித்தால் மக்கள் எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் போவார்கள் என்று வாதிடலாம். இதில் உண்மை உண்டு. ஆனால் கண்காணிப்பு வேறு, எச்சரிக்கை வேறு. தாழ்வு மண்டலம் உருவாகும் வாய்ப்பைக் குறைவு, மிதம், அதிகம் எனப் படிநிலைகளில் வெளியிடும் நடைமுறை வானிலை ஆய்வுத் துறையிடம் ஏற்கெனவே உள்ளது. எச்சத்துக்கும் அதே படிநிலையைத் தொடர்ந்து தருவது அச்சமூட்டுவதாகாது. ஆழ்கடலுக்குப் போகும் குமரி மாவட்ட, கேரள, லட்சத்தீவு மீனவர்களுக்கு முடிவெடுக்க அவகாசம் தரும்.

எச்சம் மீண்டெழக்கூடும் என்பதற்கு உலக அனுபவமும் சான்று. 2004இல் அமெரிக்க நிலப்பரப்பில் வலுவிழந்த ஐவன் புயலின் எச்சம் சுற்றி வளைந்து மெக்சிகோ வளைகுடாவில் மீண்டும் உயிர்பெற்று லூசியானாவை அடைந்தது. 2017 ஆகஸ்டில் கரீபியக் கடலில் வலுவிழந்து எச்சமாகிவிட்ட ஹார்வி, சில நாட்களில் மெக்சிகோ வளைகுடாவில் மீண்டெழுந்து டெக்சாஸில் பெருவெள்ளத்தை விளைவித்தது.

உள்நாட்டு மழை: ஆர்.கே.பேட்டையின் நிலை

முதல் கேள்விக்கு இல்லை என்று விடை கிடைப்பது இரண்டாம் கேள்விக்கு விடையாகாது. மறுபடி வலுப்பெறாத எச்சமே மெதுவாக நகர்ந்து மிகுந்த மழை தரக்கூடும். ஃபெஞ்சல் ஆழ்ந்த தாழ்வு மண்டலமாகக் குறைந்த பிறகுதான் திருவண்ணாமலை மலைச்சரிவில் மண்சரிவு ஏழு உயிர்களைப் பலிகொண்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்து ஊத்தங்கரையில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை பதிவானது. 2021 நவம்பர் 19 அதிகாலை சென்னைக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்த அமைப்பு புயலே அன்று, வெறும் தாழ்வு மண்டலம். அன்றே கடப்பைப் பகுதியில் செய்யேறு ஆற்றின் அன்னமய்யா அணை உடைந்தது; பாலாற்றில் பெருவெள்ளம் ஓடியது.

ஆர்.கே.பேட்டை வட்டாரம் இந்த ஆபத்துக்கு ஆட்படுவது நிலவமைப்பால். கடலிலிருந்து வரும் ஈரக்காற்று நகரி மலைகளிலும் கிழக்குத் தொடர்ச்சிக் குன்றுகளிலும் மோதி மேலெழுகிறது, மழை கூடுகிறது. கொசஸ்தலை, நகரி ஆறுகளுக்கு நீர் தரும் பரப்பில் ஒரு பகுதி ஆந்திரத்தின் சித்தூர், நகரிப் பகுதிகளில் உள்ளது. 2020 நவம்பர் 26 அதிகாலை மரக்காணம் அருகே கரை கடந்த நிவர், வலுவிழந்தபடி வடமேற்கே திரும்பி ராயலசீமையை நனைத்தது போன்ற வேளைகளில், எல்லைக்கு அப்பால் பெய்த மழை இப்பக்கத்துத் தரைப்பாலங்களையும் ஏரிகளையும் சோதித்துவிட்டுப் பூண்டி நீர்த்தேக்கத்துக்குப் போகிறது.

ஆகவே இவ்வட்டாரத்துக்கு வேண்டிய அளவுகோல் காற்றின் வேகமன்று. எச்சம் நகரும் வேகம், அது நிற்கும் நேரம், காற்றுத் தூணில் உள்ள மொத்த ஈரம், முன்பே பெய்த மழையால் நிரம்பியுள்ள ஏரிகளின் நிலை ஆகிய நான்கும் ஒரே அறிவிப்பில் இடம்பெற வேண்டும். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையமும் அமராவதி வானிலை மையமும் மாநில எல்லையைப் பாராமல் ஆற்றுப் படுகையை அலகாகக் கொண்டு எச்சத்தின் மழைக் கணிப்பைச் சேர்ந்து வெளியிடுவது இதற்கு அடிப்படை. கடலுக்கான கேள்வியை மேற்குக் கரைக்கும், நிலத்துக்கான கேள்வியை எல்லையோர ஊர்களுக்கும் உரியதாகப் பிரித்து, சுழல் முற்றாகக் கரையும் வரை இரண்டுக்கும் விடை தருவதே புயல் கண்காணிப்பின் முழுமையான எல்லை.