போனஸ் என்னும் கடன்: ஒரு நிபந்தனையின் வரலாறு

2015 ஆம் ஆண்டு மார்கழி மாதத்தில் இலண்டனில், ஈஸ்ற்ஹாமில் உள்ள எனது தங்கையின் வீட்டில் சில வாரங்கள் தங்கியிருந்தேன். ஓர் இரவு எல்லோரும் உறங்கிய பின்னர், குசினி மேசையில் மடிக்கணினியை விரித்து வைத்துக்கொண்டு மருமகன் தனியே இருந்தான். பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம் படித்துக்கொண்டே, வார இறுதிகளில் பெற்றோல் நிலையமொன்றில் வேலை செய்து வந்தவன். தண்ணீர் குடிக்க வந்த என்னைக் கண்டதும் முதலில் கணினியை மூட எத்தனித்தான். பிறகு என்ன நினைத்தானோ, திரையை என் பக்கம் திருப்பினான்.

“மாமா, நீங்கள் பேப்பர்காரர்தானே. இதை ஒருக்கா வாசிச்சுச் சொல்லுங்கோ. நான் என்ர காசைத்தான் திருப்பிக் கேக்கிறன். அதைக்கூடத் தர ஏலாதாம்.”

அது ஓர் இணையவழிக் கசினோ. பிரித்தானிய அனுமதிப்பத்திரம் பெற்றது. 200 பவுண் கட்டினால் மேலும் 200 பவுண் போனஸ் என்ற விளம்பரத்தைப் பார்த்துச் சேர்ந்திருக்கிறான். மூன்று நாட்கள் விளையாடியதில் கணக்கில் 350 பவுண் நின்றது. மனம் மாறித் தனது 200 பவுணை மட்டுமாவது எடுத்துவிடலாம் என்று முயன்றபோதுதான் நிபந்தனை தெரிய வந்தது. கட்டிய பணமும் போனசும் சேர்ந்த 400 பவுணை 35 மடங்காக, அதாவது 14,000 பவுணுக்குப் பந்தயம் வைத்து முடிக்கும் வரை ஒரு சதமும் எடுக்க முடியாது. அவன் அதுவரை பந்தயம் வைத்தது ஏறத்தாழ 3,000 பவுண்.

நான் அந்த நிபந்தனைகளை ஆரம்பம் முதல் இறுதி வரை வாசித்தேன். அப்போது பத்திரிகைத் தொழிலில் இருபது வருடங்களைக் கடந்திருந்தேன். சட்டங்களையும் வர்த்தமானி அறிவித்தல்களையும் வாசித்துப் பழகிய கண்கள். வாசித்து முடித்துவிட்டு, “எல்லாம் எழுதித்தான் இருக்குது தம்பி. நீ ஒப்புக்கொண்டுதானே சேர்ந்தனி” என்றேன். அவன் ஒன்றும் பேசவில்லை. மிகுதி 11,000 பவுணுக்கான பந்தயத்தை முடித்துவிடலாம் என்று தொடர்ந்து விளையாடினான். இரண்டு இரவுகளில் கணக்கில் எதுவும் மிஞ்சவில்லை. அந்த 200 பவுண் அவனுக்கு ஏறத்தாழ மூன்று வார இறுதிகளின் சம்பளம்.

அன்று நான் சொன்ன பதில் சரியானதல்ல என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். அந்த நிபந்தனை எங்கிருந்து வந்தது என்பதைத் தேடிப் பார்த்ததன் விளைவே இக்கட்டுரை.

கரிபியன் தீவிலிருந்து

1994 ஆம் ஆண்டு அன்ரிகுவா – பார்புடா என்ற சிறிய கரிபியன் தீவு நாடு, சுதந்திர வர்த்தக வலயம் தொடர்பான சட்டமொன்றை நிறைவேற்றியது. இணையவழிச் சூதாட்ட நிறுவனங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்க அது வழி திறந்தது. 1996 இல் கனடாவின் மோஹாக் பூர்வகுடியினரின் கானவாகே பிரதேசத்தில் ஒரு சூதாட்ட ஆணைக்குழு அமைந்தது. அதே ஆண்டில் இன்ரர்கசினோ என்ற இணையத்தளம் உண்மையான பணத்துக்குப் பந்தயம் ஏற்கத் தொடங்கியது.

இந்தத் தளங்களுக்கு இரண்டு இடர்ப்பாடுகள் இருந்தன. முன்பின் அறியாத ஒரு தீவிலிருக்கும் நிறுவனத்துக்குக் கடனட்டை இலக்கத்தைக் கொடுக்க மக்கள் தயங்கினார்கள் என்பது முதலாவது. எல்லாத் தளங்களும் ஒன்றுபோலவே இருந்தன என்பது இரண்டாவது. மைக்ரோகேமிங் போன்ற சில மென்பொருள் நிறுவனங்கள் ஆட்டங்களைத் தயாரித்துப் பல தளங்களுக்கும் வாடகைக்கு விட்டன. எங்கே போனாலும் அதே சீட்டு, அதே சக்கரம். ஒரு கடையில் விற்கும் பொருளையே அடுத்த கடையும் விற்றால், வாடிக்கையாளரை இழுக்கக் கடைக்காரருக்கு விலைக்கழிவைத் தவிர வேறு வழியில்லை. அந்தக் கழிவே போனஸ்.

லாஸ் வேகாஸ் விடுதிகள் ஆட்டக்காரருக்கு இலவச அறையும் உணவும் கொடுப்பது பழைய வழக்கம். ஆயினும் அறையையும் உணவையும் பணமாக மாற்றிக்கொண்டு வெளியேற முடியாது. இணையத்தளங்கள் கொடுத்தது பணம். கொடுத்த பணத்தை அப்படியே எடுத்துக்கொண்டு போய்விடாதிருக்க, அதனை இத்தனை தடவை பந்தயம் வைக்க வேண்டும் என்ற நிபந்தனை சேர்க்கப்பட்டது. ஆரம்பத்தில் அது மிகவும் இலேசானதாகவே இருந்தது.

வேட்டைக்காரர் காலம்

1990களின் இறுதியிலும் 2000களின் ஆரம்பத்திலும் கணக்குத் தெரிந்த சிலர் இதிலுள்ள ஓட்டையைக் கண்டுகொண்டார்கள். பிளாக்ஜாக் என்ற சீட்டாட்டத்தில் எந்தக் கையை எப்படி ஆட வேண்டும் என்பதை அமெரிக்கக் கணித அறிஞர்கள் 1950களிலேயே வகுத்து விட்டார்கள். எட்வர்ட் தோர்ப் 1962 இல் வெளியிட்ட நூல் அதனைப் பரவலாக்கியது. அந்த முறையில் ஆடினால், வழமையான விதிகளின் கீழ்க் கசினோவுக்குள்ள சாதகம் ஏறத்தாழ அரை வீதமாகக் குறைந்துவிடும். அதாவது 100 பவுண் பந்தயத்துக்குச் சராசரியாக 50 பென்ஸ் நட்டம்.

இப்போது கணக்கிடுவோம். 100 பவுண் போனஸ். அதற்காக 2,000 பவுணுக்குப் பந்தயம் வைக்க வேண்டும். அரை வீதப்படி சராசரி நட்டம் 10 பவுண். மிகுதி 90 பவுண் இலாபம். ஒரு தளத்தில் முடித்துவிட்டு அடுத்த தளத்துக்குப் போகலாம். இவ்வாறு தளம் தளமாகப் போனவர்களைப் ‘போனஸ் வேட்டைக்காரர்’ என்று அழைத்தார்கள்.

கசினோக்கள் பார்த்துக்கொண்டிருக்கவில்லை. மடங்குகள் படிப்படியாக ஏறின. போனஸ் தொகையை மட்டுமன்றி, ஆட்டக்காரர் கட்டிய பணத்தையும் சேர்த்துப் பெருக்கும் வழக்கம் வந்தது. பிளாக்ஜாக்கில் வைக்கும் பந்தயத்தில் பத்தில் ஒரு பங்கே கணக்கில் சேரும் என்றார்கள். சில தளங்கள் அதனை முற்றாகவே விலக்கின. ஒரு தடவையில் இவ்வளவுக்கு மேல் பந்தயம் வைக்கக்கூடாது, இத்தனை நாட்களுக்குள் முடிக்க வேண்டும், போனசினால் வென்ற தொகையில் இவ்வளவுதான் எடுக்கலாம் என்றெல்லாம் வாசகங்கள் பெருகின. ‘ஒழுங்கற்ற முறையில் ஆடினால்’ வெற்றிப்பணம் பறிமுதல் செய்யப்படும் என்ற வாசகமும் வந்து சேர்ந்தது. எது ஒழுங்கு, எது ஒழுங்கற்றது என்பதைத் தீர்மானிப்பவர் கசினோக்காரரே.

எனது மருமகன் அன்றிரவு காட்டிய நிபந்தனைகளை நான் ஒரு சட்டப் பத்திரமாக மட்டுமே வாசித்தேன். உண்மையில் அது ஒரு போரின் வரலாறு. அதிலுள்ள பல வாசகங்களுக்குப் பின்னால், எங்கோ ஒருவர் கணக்குப் போட்டு வென்ற ஒரு சம்பவம் இருக்கிறது. அந்தக் கெட்டிக்காரருக்கு எதிராகக் கட்டப்பட்ட மதிலில் வந்து முட்டிக்கொண்டவர்களோ, போனஸ் வேட்டை என்ற சொல்லையே கேள்விப்படாத சாதாரண ஆட்டக்காரர்கள்.

அன்பளிப்பின் விலை

ஒரு போனசை மதிப்பிடுவது கடினமன்று. 1654 இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் சூதாட்டப் பணத்தைப் பங்கிடுவது பற்றி எழுதிக்கொண்ட கடிதங்களிலிருந்து பிறந்த கணக்குத்தான் இது. வைக்க வேண்டிய மொத்தப் பந்தயத்தைக் கசினோவின் சாதகத்தால் பெருக்குங்கள். வருவதே போனசின் விலை. அந்த விலை போனசை விடக் கூடுதலாக இருந்தால், உங்களுக்குத் தருவதாகச் சொல்லப்படுவது உண்மையில் உங்களிடமிருந்து எடுக்கப்படுகிறது.

சாதகம் ஆட்டத்துக்கு ஆட்டம் வேறுபடும். ஒரு பூச்சியம் உள்ள ஐரோப்பிய ரூலெட்டில் 2.7 வீதம். இரண்டு பூச்சியங்கள் உள்ள அமெரிக்க ரூலெட்டில் 5.26 வீதம். ஸ்லொட் ஆட்டங்களில் ‘ஆட்டக்காரருக்குத் திரும்பும் வீதம் 96’ என்று எழுதியிருந்தால், சாதகம் 4 வீதம்.

மருமகனின் கணக்கை இதில் பொருத்திப் பார்ப்போம். 14,000 பவுணுக்கு 4 வீதப்படி 560 பவுண். 200 பவுண் அன்பளிப்பின் விலை 560 பவுண்! அன்றிரவு அவன் கையில் இருந்தது 350. தாண்ட வேண்டியிருந்த 11,000 பவுண் பந்தயத்தின் சராசரி நட்டம் 440. அதிர்ஷ்டம் கைகொடுத்திருந்தால் தாண்டியிருக்கலாம். ஆயின் சராசரிக் கணக்கில் பணம் பாதி வழியிலேயே தீர்ந்துபோகும். அவனுக்கும் அதுவே நேர்ந்தது. இதனை நான் அன்று அந்த மேசையிலேயே ஒரு கடதாசித் துண்டில் போட்டுக் காட்டியிருக்கலாம். போட்டிருந்தால் அவன் நிறுத்தியிருப்பானா என்று சொல்ல முடியாது. ஆனால் நான் போடவில்லை.

சட்டம் வந்து சேர்ந்த விதம்

பிரித்தானியாவின் 2005 ஆம் ஆண்டுச் சூதாட்டச் சட்டம் 2007 செப்டெம்பர் முதலாம் திகதி முழுமையாக நடைமுறைக்கு வந்தது. தொலைக்காட்சியில் கசினோ விளம்பரங்களுக்கு வழிவிட்டதும் அச்சட்டமே. பிற நாடுகளிலிருந்து பிரித்தானிய மக்களுக்குச் சூதாட்டம் விற்கும் தளங்களும் பிரித்தானிய அனுமதிப்பத்திரம் பெற வேண்டும் என்ற நிலை 2014 நவம்பரில்தான் ஏற்பட்டது. மருமகன் சேர்ந்த தளம் இவ்வாறு சட்டத்தின் குடைக்குள் இருந்தது. ஆயினும் போனஸ் நிபந்தனைக்கு உச்சவரம்பு எதுவும் இருக்கவில்லை.

2016 ஒக்டோபரில், எனது மருமகன் பணத்தை இழந்து பத்து மாதங்கள் கழிந்தபின், பிரித்தானியாவின் போட்டி மற்றும் சந்தைகள் அதிகாரசபை இணையவழிச் சூதாட்ட நிறுவனங்களின் நிபந்தனைகள் குறித்து விசாரணையொன்றை ஆரம்பித்தது. அடிப்படைக் கேள்வி எளியது: நுகர்வோர் ஒப்பமிட்டுவிட்டார் என்பதற்காக ஒரு நிபந்தனை நியாயமாகிவிடுமா? ஒப்பந்தத்தில் இரு தரப்பினரின் உரிமைகளுக்கிடையே பாரிய ஏற்றத்தாழ்வை உண்டாக்கும் வாசகம் நுகர்வோரைக் கட்டுப்படுத்தாது என்பது அந்நாட்டின் 2015 ஆம் ஆண்டு நுகர்வோர் உரிமைச் சட்டத்தின் நிலைப்பாடு.

2018 பெப்ரவரியில் லாட்புரோக்ஸ், வில்லியம் ஹில், பிரி என்ரர்ரெயின்மென்ற் ஆகிய மூன்று நிறுவனங்கள் அதிகாரசபைக்கு உறுதிமொழி வழங்கின. ஆட்டக்காரர் தாம் கட்டிய சொந்தப் பணத்தை எடுப்பதற்கு முன்னர் பலதடவை ஆட வேண்டும் என்று இனி வற்புறுத்துவதில்லை என்பது அவற்றில் முதன்மையானது. ஏனைய நிறுவனங்களும் அந்த நியமத்தைப் பின்பற்ற வேண்டும் என்று எதிர்பார்க்கப்பட்டது. “என்ர காசைத்தான் திருப்பிக் கேக்கிறன்” என்று மருமகன் சொன்னதுதான் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டது. ‘எழுதித்தான் இருக்குது’ என்ற எனது பதில் அல்ல.

2021 ஏப்ரலில் இலண்டன் மேல் நீதிமன்றமும் இதையொத்த ஒரு தீர்ப்பை வழங்கியது. அது போனஸ் வழக்கு அன்று. கைபேசியில் பிளாக்ஜாக் ஆடி ஏறத்தாழ 17 இலட்சம் பவுண் வென்ற ஒருவருக்கு, மென்பொருளில் கோளாறு என்று கூறி நிறுவனமொன்று பணம் கொடுக்க மறுத்தது. தன்னைக் காக்க அது காட்டிய நிபந்தனைகள் ஆட்டக்காரரின் கவனத்துக்குப் போதிய அளவில் கொண்டுவரப்படவில்லை என்று நீதிமன்றம் கண்டது. ஆட்டக்காரர் வென்றார்.

இறுதியாக மடங்கின் முறை வந்தது. 2025 மார்ச்சில் பிரித்தானியச் சூதாட்ட ஆணைக்குழு, போனசை மீண்டும் பந்தயம் வைக்கக் கோரும் நிபந்தனை 10 மடங்கைத் தாண்டக்கூடாது என்று அறிவித்தது. விளையாட்டுப் பந்தயமும் ஸ்லொட்டும் போன்ற வெவ்வேறு வகைச் சூதாட்டங்களைக் கலந்து ஆடினால்தான் போனஸ் என்பதும் தடைசெய்யப்பட்டது. இந்த விதிகள் 2026 ஜனவரி 19 ஆம் திகதி நடைமுறைக்கு வந்தன.

இன்று அதே 200 பவுண் போனஸ் என்றால், 10 மடங்கு 2,000 பவுண். 4 வீதப்படி விலை 80. கணக்கு ஆட்டக்காரரின் பக்கம் சாய்கிறது. இதற்கேற்பக் கொடுக்கும் தொகையை நிறுவனங்கள் சுருக்கிக்கொள்வதே வியாபாரத்தின் இயல்பு. மேலும், இந்தப் பத்து மடங்கு பிரித்தானிய அனுமதிப்பத்திரம் உள்ள தளங்களை மட்டுமே கட்டுப்படுத்தும். வேறெங்கோ பதிவு செய்த தளமொன்று 500 வீதப் போனஸ் என்று கூவி அழைத்தால், அதன் பின்னால் பழைய மடங்குகளே காத்திருக்கக்கூடும். போனஸ் முடிந்த பின்னரும் ஆட்டத்தைத் தொடர்பவருக்கு எந்தச் சட்டமும் கணக்கை மாற்றிக் கொடுக்காது. அதன் பிறகு வைக்கும் ஒவ்வொரு பவுணும் சாதகம் முழுவதும் எதிர்ப்பக்கம் உள்ள பவுணே.

சூதில் வெற்றியையே தூண்டிலாகக் கண்டவர் வள்ளுவர். வெற்றிக்கும் முன்னதாக, ஆட்டம் தொடங்கும்போதே இரையைக் கோத்துவிடும் காலம் இது.

தை மாதத்தில் அந்தப் புதிய விதி பற்றிய செய்தியை மருமகனுக்கு அனுப்பினேன். அவன் இப்போது கணக்காளனாக வேலை செய்கிறான். “பத்து வருசம் பிந்திப் போச்சு மாமா” என்று பதில் எழுதியிருந்தான். சட்டத்தைச் சொன்னானா, என்னைச் சொன்னானா என்று நான் கேட்கவில்லை.