போரோவா, ரூஃபா? பறவை பார்க்க எந்த பைனாகுலர் வாங்கலாம்? கல்வராயன் மலைக்கு எது சரிவரும்?

கள்ளக்குறிச்சியில் இருந்து கச்சிராயப்பாளையம் வழியாக வெள்ளிமலைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் கோமுகி அணை, பெரியார் அருவி, மேகம் அருவி என்று பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே பாதையில் சின்னான், மாங்குயில், குக்குறுவான், கரிச்சான் என நிறைய பறவைகளையும் பார்க்கலாம். அதற்குத் தேவை கொஞ்சம் பொறுமையும் ஒரு பைனாகுலரும்தான்.

வாங்கலாம் என்று தேட ஆரம்பித்தால் முதலில் குழப்புவது இரண்டு பெயர்கள்: போரோ ப்ரிசம், ரூஃப் ப்ரிசம். என்ன வித்தியாசம்? சிம்பிளா பார்க்கலாம்.

ப்ரிசம் எதற்கு?

பைனாகுலரின் முன்பக்க லென்ஸ் காட்சியைத் தலைகீழாகத்தான் காட்டும். அதை நேராக்கித் தருவது உள்ளே இருக்கும் ப்ரிசம் எனும் கண்ணாடிப் பட்டகம். அந்தப் பட்டகம் எந்த வகை என்பதுதான் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்.

போரோ

இத்தாலியைச் சேர்ந்த இக்னாசியோ போரோ 1854-ல் காப்புரிமை பெற்ற அமைப்பு இது. ஜெர்மனியின் கார்ல் சைஸ் நிறுவனம் 1894-ல் இதை வைத்து பைனாகுலர்களை விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஒளி உள்ளே வளைந்து வளைந்து போவதால், முன் லென்ஸ்கள் கண் வைக்கும் லென்ஸ்களைவிட அகலமாக விலகி நிற்கும். சினிமாவில் ராணுவ அதிகாரிகள் கழுத்தில் தொங்குமே, அந்த வடிவம்தான்.

ரூஃப்

இதில் பட்டகத்தின் ஒரு பகுதி வீட்டுக் கூரை மாதிரி இருக்கும், அதனால்தான் இந்தப் பெயர். முன் லென்ஸும் கண் லென்ஸும் நேர்கோட்டில் இருக்கும். வெளியே பார்க்க இரண்டு நேரான குழாய்கள், கைக்கு அடக்கம்.

படம் எதில் தெளிவு?

கேள்வியே இங்கதான். போரோ பட்டகத்தில் ஒளி நான்கு முறை பிரதிபலிக்கிறது. நான்குமே முழு அக எதிரொளிப்பு என்பதால் ஒளி வீணாவதில்லை. தயாரிப்பதும் சுலபம்.

ரூஃப் அப்படி இல்லை. கூரை விளிம்பின் கோணம் மிகத் துல்லியமாக இருக்க வேண்டும். ஒளி அந்த விளிம்பில் இரண்டாகப் பிரிந்து சேரும்போது காட்சியின் கூர்மையும் குறையும். இதைச் சரிசெய்யும் 'ஃபேஸ் கோட்டிங்' பூச்சை சைஸ் நிறுவனம் 1988-ல் கொண்டுவந்தது. பெரும்பாலான ரூஃப் மாடல்களில் ஒரு பக்கத்துக்குக் கண்ணாடிப் பூச்சும் தேவை. அது அலுமினியம் என்றால் ஒளி இழப்பு அதிகம்; வெள்ளி பரவாயில்லை; டைஎலக்ட்ரிக் என்றால் 99 சதவீதம் வரை ஒளி திரும்பும்.

இதெல்லாம் செலவு பிடிக்கும் வேலை. அதனால் குறைந்த பட்ஜெட்டில், அதே காசுக்கு போரோதான் தெளிவான படம் தரும். பட்ஜெட் கூடக்கூட இந்த இடைவெளி குறைந்துவிடும்.

அப்போ ரூஃப் எதற்கு?

நிக்கான் நிறுவனத்தின் இரண்டு மாடல்களையே எடுத்துக்கொள்வோம்.

• ஆக்‌ஷன் இஎக்ஸ் 8×40 (போரோ): எடை 855 கிராம். 5 மீட்டருக்கு அப்பால் இருந்தால்தான் ஃபோகஸ் ஆகும். 1,000 மீட்டர் தூரத்தில் 143 மீட்டர் அகலம் தெரியும்.

• மோனார்க் எம்5 8×42 (ரூஃப்): எடை 630 கிராம். 2.5 மீட்டரிலேயே ஃபோகஸ் ஆகும். 1,000 மீட்டர் தூரத்தில் 112 மீட்டர் அகலம் தெரியும்.

கோமுகி அணை மாதிரி திறந்தவெளியில் போரோவின் அகலமான காட்சி கைகொடுக்கும். மலைப்பாதையில் பாதி நாள் நடக்கணும், பக்கத்துப் புதரில் இருக்கும் குருவியையும் பட்டாம்பூச்சியையும் பார்க்கணும் என்றால் ரூஃப் வசதி.

வெள்ளிமலையில் கவனிக்க வேண்டியது

மலையில் பனிமூட்டமும் மழை ஈரமும் உண்டு. பெரும்பாலான போரோ பைனாகுலர்களில் ஃபோகஸ் திருகும்போது கண் லென்ஸ் பகுதி வெளியே நகரும். ஈரமும் தூசியும் உள்ளே போகும் வழி அதுதான். நாளடைவில் லென்ஸில் பூஞ்சை பிடித்துவிடும். ரூஃப் வகையில் ஃபோகஸ் நகர்வது உள்ளுக்குள்ளேயே என்பதால் நீர் புகாமல் அடைப்பது எளிது. மேலே சொன்ன ஆக்‌ஷன் இஎக்ஸ் போல நீர்புகா போரோக்களும் இருக்கு, ஆனா எடை கூடும்.

காலை மங்கல் வெளிச்சமும் முக்கியம். கிழக்குத் தொடர்ச்சி மலையின் பாறைக் குன்றுகளில் வாழும் மஞ்சள் தொண்டைச் சின்னான், அழியும் அபாயத்தில் உள்ள பறவைகள் பட்டியலில் இருப்பது. புதருக்குள் நிற்கும் சின்னான் எந்த வகை என்று சொல்ல, தொண்டையின் நிறம் தெரிந்தாகணும். பூச்சு சரியில்லாத மலிவு ரூஃப் காலை வாருவது இங்கேதான்.

வாங்கும் முன் 4 விஷயம்

1. 8×42-ல் 8 என்பது உருப்பெருக்கம், 42 என்பது முன் லென்ஸின் விட்டம் மில்லிமீட்டரில். 42-ஐ 8-ஆல் வகுத்தால் 5.25. இந்த எண் பெரிதானால் மங்கல் வெளிச்சத்தில் காட்சி பிரகாசமாக இருக்கும். 10×42 என்றால் 4.2 மட்டுமே, கை நடுக்கமும் கூடத் தெரியும். புதியவர்களுக்கு 8 போதும்.

2. ரூஃப் வாங்கினால் 'ஃபேஸ் கோட்டிங்' இருக்கா என்று பாருங்க. அது இல்லாத மலிவு ரூஃபைவிட அதே விலை போரோ மேல்.

3. மலைக்கு அடிக்கடி போவீங்கன்னா, போரோவோ ரூஃபோ, நீர்புகா மாடலாக எடுங்க.

4. கடையிலேயே சில நிமிடம் இரண்டு கண்ணாலும் பாருங்க. காட்சி இரண்டாகத் தெரிந்தாலோ கண் வலித்தாலோ அந்தப் பீஸ் வேண்டாம்.

வீட்டில் சிலிக்கா ஜெல் பாக்கெட்டோடு காற்றுப் புகாத டப்பாவில் வையுங்க. எந்த பைனாகுலரிலும் சூரியனைப் பார்க்கவே கூடாது.

ஒவ்வொரு ஜனவரியிலும் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுக்க பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது 15 நிமிடம் பறவைகளைக் கவனித்து, பார்த்ததை இ-பேர்ட் தளத்தில் பதிவு செய்தால் போதும், யாரும் கலந்துகொள்ளலாம். கல்வராயன் மலைக்காரர்கள் தங்கள் ஊர்ப் பறவைகளைப் பதிவு செய்ய நல்ல வாய்ப்பு. அடையாளம் உறுதியாகத் தெரிந்ததை மட்டும் பதிவு செய்யணும், நல்ல பைனாகுலர் உதவுவதும் அதற்குத்தான்.