பின் ஸ்பீக்கர்கள் ஏன் பேசவில்லை?

ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்-ஊஃபர், கம்பளத்துக்கடியில் ஒயர் எல்லாம் ஆயிற்று. படம் ஓடுகிறது. பின்னால் இருக்கும் இரண்டும் மௌனம். ஹோம் தியேட்டர் வாங்கிய முதல் இரவில் பல வீடுகளில் நடப்பதுதான். நண்பர் ஒருவர் வீட்டில் ஒரு சனிக்கிழமை முழுக்க ஒயரைப் பிடுங்கிப் பிடுங்கி மாட்டினோம். ரிஸீவரைக் கடையில் திருப்பிக் கொடுக்க அவர் பெட்டியைக்கூடத் தேடி எடுத்துவிட்டார். குற்றம் ப்ளேயரின் மெனுவில் ஒரே ஒரு வரியில் இருந்தது.

முதலில் பெயர்க் குழப்பம். 5.1 என்பது வெறும் எண்ணிக்கை: ஐந்து முழு சானல், அதிர்கிற கீழ்ஸ்தாயிக்கு மட்டும் ஒன்று. டால்பி டிஜிட்டல், டிடிஎஸ் இரண்டும் அந்த ஒலியைச் சுருக்கி மூட்டை கட்டும் முறைகள். டால்பி டிஜிட்டல் 1992-ல் 'பேட்மேன் ரிட்டர்ன்ஸ்' படத்தோடு தியேட்டர்களுக்கு வந்தது. ஃபிலிமின் ஓரத்துளைகளுக்கு நடுவே ஒலியை அச்சடித்தார்கள். மறுவருடம் 'ஜுராஸிக் பார்க்'கோடு வந்த டிடிஎஸ்ஸில் ஃபிலிமில் நேரக்குறி மட்டும்தான், ஒலி தனியாக சிடியில். (எனக்கென்னவோ இரண்டாவதுதான் கெட்டிக்காரத்தனமாகப் படுகிறது.) ஒன்றின் பாஷை மற்றதற்குப் புரியாது. ஆகவே வழியில் இருக்கும் ஒவ்வொரு பெட்டியும் மூட்டையைப் பிரிக்கத் தெரிந்திருக்கவேண்டும், இல்லாவிட்டால் பிரிக்காமல் அப்படியே கடத்தவேண்டும். தகராறு பெரும்பாலும் இங்கேதான்.

அடுத்தது வழியின் அகலம். சிடியின் சுருக்காத ஸ்டீரியோ வினாடிக்கு சுமார் 1,411 கிலோபிட். 16 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் ஆறு சானல் என்றால் 4,608. டிவிடியின் டால்பி டிஜிட்டல் அதே ஆறையும் 448-க்குள் முடித்துவிடும். ஆப்டிகல் கேபிளில் சுருக்கிய 5.1 போகும், சுருக்காதது இரண்டு சானல்தான். நண்பரின் ப்ளேயரில் ஒலி வெளியீடு 'பிசிஎம்' என்று இருந்தது. அதாவது, ப்ளேயர் தானே மூட்டையைப் பிரித்து, ஆறு சானலை இரண்டாக மடித்து ஆப்டிகலில் அனுப்பிக்கொண்டிருந்தது. 'பிட்ஸ்ட்ரீம்' என்று மாற்றியதும் பின் ஸ்பீக்கர்கள் வாயைத் திறந்தன.

ப்ளூ-ரேயின் ட்ரூஹெச்டி, டிடிஎஸ்-ஹெச்டி மாஸ்டர் ஆடியோ இரண்டும் ஆப்டிகலில் நுழையவே நுழையாது, ஹெச்டிஎம்ஐ வேண்டும். அதைப் போட்ட பிறகும் ரிஸீவர் வெறும் 'டால்பி டிஜிட்டல்' என்றே காட்டினால், ப்ளேயரில் 'செகண்டரி ஆடியோ'வை அணையுங்கள். இயக்குனரின் வர்ணனையையும் மெனுவின் டிக் டிக் சத்தத்தையும் கலப்பதற்காக, அது நல்ல ஒலியைப் பிரித்து மட்டமாக மறுபடி கட்டுகிறது.

ப்ளேயரை டிவியில் செருகி, அங்கிருந்து ரிஸீவருக்கு 'ஆர்க்' வழியாக ஒலியைக் கொண்டுவருவது எனக்குப் பிடிக்காத ஏற்பாடு. சாதாரண ஆர்க் கிட்டத்தட்ட ஆப்டிகல் மாதிரிதான். 2017-ல் ஹெச்டிஎம்ஐ 2.1-உடன் வந்த இ-ஆர்க் அகலமானது, ஆனால் டிவி, ரிஸீவர் இரண்டிலும் இருக்கவேண்டும். டிடிஎஸ்ஸைக் கடத்தாமல் விழுங்கிவிடும் டிவிக்களும் உண்டு. ப்ளேயரை நேராக ரிஸீவரிலேயே செருகுங்கள்.

நாங்கள் ஒயரைத் தொடுமுன் செய்திருக்கவேண்டியது ஒன்று உண்டு: ரிஸீவரின் 'டெஸ்ட் டோன்'. அந்த இரைச்சல் பின்னாலிருந்து வந்தால் ஒயர் சரி. பிறகு, உள்ளே வரும் சிக்னல் என்ன என்று ரிஸீவரில் பாருங்கள். 'ப்ரோ லாஜிக்' என்று எரிந்தால் அநேகமாக வருவது இரண்டே சானல். மீதியை ரிஸீவர் ஊகித்துப் பிரிக்கிறது.

எல்லாம் சரியாக இருந்தும் பழைய தமிழ்ப் படத்தில் பின்னால் வெறும் எதிரொலிதானா? அறுபதுகளின் படங்கள் பொதுவாக மோனோவில் பதிவானவை. டிவிடி உறையில் 5.1 என்று போட்டிருந்தால் பிற்பாடு யாரோ பரப்பியது. டிஸ்க் மெனுவில் 2.0 இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, ரிஸீவரில் ப்ரோ லாஜிக்கைப் போடுங்கள். வசனம் நடு ஸ்பீக்கரில் வந்து உட்கார்ந்துவிடும்.