மாறு அதிர்வெண் அலை இயற்றி (அமெச்சூர் வானொலி)

மாறு அதிர்வெண் அலை இயற்றி (சுருக்கமாக விஎஃப்ஓ) என்பது அமெச்சூர் வானொலிப் பரப்பியின் அதிர்வெண்ணை ஒரு குமிழைத் திருப்பி விரும்பியவாறு மாற்ற உதவும் மின்சுற்று ஆகும். 1950களிலும் 1960களிலும் விற்கப்பட்ட எளிய வெற்றிடக்குழாய்ப் பரப்பிகள் பலவற்றில் இது உள்ளமைக்கப்படவில்லை. தனிப் பெட்டியாக வெளியே வைத்து, பெரும்பாலும் படிகம் செருகும் துளையின் வழியாகவே இணைத்தனர். இக்கட்டுரை அவ்விணைப்பைப் பற்றியது.

பின்னணி

எளிய பரப்பிகளில் அதிர்வெண்ணைத் தீர்மானித்தது குவார்ட்சுப் படிகம். ஒரு படிகத்துக்கு ஓர் அதிர்வெண்தான். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கப் படையின் மிச்சப் பொருட்களாக எஃப்டி-243 வகைப் படிகங்கள் மலிவாகக் கிடைத்தன. 1951இல் ஐக்கிய அமெரிக்காவில் தொடங்கப்பட்ட நாவிஸ் உரிமம் வைத்திருந்தோர் படிகப் பரப்பியை மட்டுமே இயக்கலாம் என்பது விதி; அது 1972இல் நீக்கப்பட்டது. அதுவரை, அழைப்பவர் தம் படிகத்தின் அதிர்வெண்ணில் அழைப்பார். மறுமொழி தருபவரோ தம்மிடம் இருக்கும் படிகத்தில் பேசுவார். எனவே அழைத்து முடித்ததும் ஏற்பியைப் பட்டை முழுவதும் திருப்பித் தேட வேண்டியிருந்தது. வலுவான நிலையம் ஒன்று மேலே வந்து அமர்ந்தால் நகர வழியில்லை.

ஹீத்கிட் நிறுவனத்தின் விஎஃப்-1 இவ்வகைப் பெட்டிகளுள் நன்கு அறியப்பட்டது. 6ஏயு6 குழாயைக் கொண்டு கிளாப் சுற்றில் இயங்கிய இதன் மின்னழுத்தத்தை ஓஏ2 வளிமக்குழாய் 150 வோல்ட்டில் நிலைநிறுத்தியது. 1960களில் வந்த டிஎக்ஸ்-60 பரப்பிக்கு எச்ஜி-10 என்ற பெட்டி துணையாக விற்கப்பட்டது. தனக்கு வேண்டிய மின்சாரத்தை அது பரப்பியிடமிருந்தே பெற்றுக்கொண்டது.

இணைப்பின் இயல்பு

படிகத்தைப் பிடுங்கிவிட்டு அவ்விடத்தில் கம்பியைச் செருகுவதுபோல் இது தோன்றினாலும், உண்மையில் முதல் குழாயின் வேலையே மாறிவிடுகிறது. இதுவரை தானே அலையை உண்டாக்கிய குழாய், இனி வெளியிலிருந்து வரும் அலையைப் பெருக்க மட்டுமே வேண்டும். அலை இயற்றியாக இருந்தபோது தேவைப்பட்ட பின்னூட்டம் இப்போது இடையூறாகிறது.

படிகம் கிரிட்டுக்கும் அடித்தகட்டுக்கும் இடையில் இருந்து, பின்னூட்டம் கேத்தோடில் (எதிர்மின்வாய்) உள்ள கம்பிச்சுருள் மூலம் கிடைக்கும் சுற்றுகளில், அச்சுருளைக் குறுக்கிணைப்புச் செய்யவேண்டும். இல்லையெனில் பெருக்கம் குறையும், அல்லது குழாய் தன்போக்கில் அலைவுறும். சில பரப்பிகளில் தேர்வுச் சாவியோ, செருகியில் உள்ள கூடுதல் முனையோ இதைச் செய்துவிடும். படிகம் கிரிட்டுக்கும் ஆனோடுக்கும் (நேர்மின்வாய்) இடையில் இருக்கும் பியர்ஸ் சுற்றில், கிரிட் பக்கத் துளையில் மட்டுமே அலையைச் செலுத்தவேண்டும். மற்றத் துளையில், தடுப்பு மின்தேக்கி இல்லாவிடில், சில நூறு வோல்ட் நேர்மின்னழுத்தம் நிற்கும். தொட்டால் உயிருக்கே ஆபத்து. எது எந்தத் துளை என்பதைச் சுற்றுப்படத்தில் பார்த்து, மின்சாரத்தை நிறுத்தி, மின்தேக்கிகளின் மின்னூட்டத்தை இறக்கிய பின்னரே கை வைக்கவேண்டும்.

அலையை ஏறத்தாழ 100 பிக்கோஃபாரட் மைக்கா மின்தேக்கி வழியாக அனுப்புவது வழக்கம். இணைப்பு வடம் குட்டையாக இருத்தல் நலம். ஆர்ஜி-58 வடம் மீட்டருக்குச் சுமார் 100 பிக்கோஃபாரட் கொண்டது. 7 மெகாஹெர்ட்ஸில் இது 230 ஓம் அளவே எதிர்ப்புத் தருவதால், உயர் மின்மறுப்புள்ள வெளியீட்டின் பெரும்பகுதியை வடமே விழுங்கிவிடும். அலை போதுமா என்பதை இறுதிக் குழாயின் கிரிட் மின்னோட்டம் காட்டும். 6146 குழாய்க்கு இது 2.5 முதல் 3 மில்லிஆம்பியர்.

நிலைத்தன்மை

உயர் பட்டைகளுக்கு அலையின் அதிர்வெண் பரப்பிக்குள் மடங்காக்கப்படுகிறது. பிழையும் உடன் மடங்காகிறது. 3.5 மெகாஹெர்ட்ஸில் 100 ஹெர்ட்ஸ் நழுவினால், 28 மெகாஹெர்ட்ஸில் அது 800 ஹெர்ட்ஸ். குழாய்கள் சூடேறும்வரை நழுவல் மிகுதி. ஆகவே பேசத் தொடங்குமுன் கருவியைச் சிறிது நேரம் இயக்கி வைப்பர். மோர்சு சாவியை அழுத்தும்போது மின்னழுத்தம் இறங்கினால் ஒவ்வொரு புள்ளியும் கோடும் கீச்சென்று ஒலிக்கும். அலை இயற்றியைத் தொடர்ந்து ஓடவிட்டு, பின்னுள்ள நிலையை மட்டும் சாவியால் இயக்கினால் கீச்சொலி குறையும். ஆனால் ஏற்பியில் சொந்த அலையே கேட்கும் என்பதால், கேட்கும்போது அதை நிறுத்த ஏற்பாடு வேண்டும்.

படிகம் நல்லதாயின் பட்டைக்கு வெளியே போகும் அச்சம் பெரிதும் இல்லை. குமிழுக்கு அந்த ஒழுக்கம் கிடையாது. முகப்பின் அளவுக்கோடுகளை 100 கிலோஹெர்ட்ஸ் படிக அளவுகோலுடன் ஒப்பிட்டு அவ்வப்போது திருத்தவேண்டும்.

இக்காலப் பெட்டிகள்

பழைய பரப்பிகளை மீட்டெடுப்போர் இன்று எஸ்ஐ5351 போன்ற தொகுப்புச் சுற்றுகளைப் பயன்படுத்துகின்றனர். நழுவல் தொல்லை பெரும்பாலும் தீர்ந்துவிடுகிறது. இதன் வெளியீடு ஏறத்தாழ 3 வோல்ட் சதுர அலை. வெற்றிடக்குழாயின் கிரிட்டுக்கு அது பெரும்பாலும் போதாது. சிறிய பெருக்கியோ மின்மாற்றியோ இடையில் தேவை. மின்மாற்றிக்கு இன்னொரு பயனும் உண்டு: இணைப்பு மின்தேக்கி பழுதானால் குழாயின் உயர் மின்னழுத்தம் நேரே சில்லுக்குள் பாயாமல் அது தடுக்கும்.